காது பார்க்க வேறு ஆள்

ஆவடி
22.7.1991

மாமாவுக்கு, கன்னியம்மா எழுதறது. நானும் எல்லுவும் நல்லா கீறோம். அப்டி எழுதணுமேன்னு எழுதறேன். நெசத்துல நல்லா இல்ல.

நேத்து இஸ்கூல்ல கூப்ட்டு வுட்டாங்க. பெரிய டீச்சர் ஜெகதாம்பாள், கண்ணாடிக்கு மேல பாக்குமே, அந்தம்மா. "உங்க எல்லம்மா மூணாங்கிளாஸ் வந்தாச்சு. போர்டுல இருந்தா முத்து முத்தா எழுதுறா. நான் வாயால சொன்னா ஒரு வரி வரல. ரெண்டாந்தடவ கேட்டா அழுவுறா"ன்னாங்க. அதனால டவுன்லேர்ந்து மூணு பேர் வந்து அவள ஒக்கார வச்சு பாப்பாங்களாம். குழுவாம். அவுங்க எழுதிக் குடுக்கறத வச்சுதான் எல்லு இங்கியே நாலாங்கிளாஸ் போவுமா, இல்ல செங்கல்பட்டாண்ட ஆஸ்டல் வச்ச தனி இஸ்கூலுக்குப் போவுமான்னு முடிவு பண்ணுவாங்களாம். ஏழு வயசுப் புள்ள, ஆஸ்டலாம்.

படிவம் இத்தோட வச்சுகீறேன். மூணு பேர் பேரும் கீது. மனசு பாக்கற டாக்டர் வீரராகவன், தனியா பாடம் எடுக்கற வாத்தியாரு கோவிந்தன், காது பாக்கற அன்னம்மாள். பெத்தவங்க ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். புடிக்காத ஆளை அடிச்சுட்டு வேற ஆள் பேரை எழுதலாம்னும் போட்டுகீது. இதுலதான் எனக்கு டவுட்டு. இன்னிக்கி வரிக்கும் நம்மள எவனாவது ஆள் புடிக்குதா புடிக்கலயான்னு கேட்டுகீறானா? திடீர்னு இன்னா மரியாத? பக்கத்து ஊட்டு முனியம்மா சொல்லுது, பெரிய டீச்சரோட சொந்தக்காரப் புள்ளைக்கு இங்க சீட்டு வேணுமாம். எல்லுவ கெளப்பிட்டா ஒரு எடம் காலி.

நீ பேக்டரி வேலையா மேடக் போயி அஞ்சு மாசம் ஆச்சு. எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து ரெண்டு வார்த்த பேசுடின்னு முனியம்மா திட்டுது. நீதான் போன் பண்ணாத, கடுதாசி போடுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிகினு போயிகீற. இன்னா சத்தியமோ.

பாத்து, யோசிச்சு, கையெழுத்து போட்டு அனுப்பு.

கன்னியம்மா


மேடக்
1.8.1991

அன்புள்ள கன்னியம்மாவுக்கு, உத்தமன் எழுதுவது. உன் கடிதமும் படிவமும் கிடைத்தன. படிவத்தை மூன்று முறை படித்துப் பார்த்தேன். உன் சந்தேகம் சரிதான். ஒரு காகிதத்தில் இவ்வளவு மரியாதை இருந்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. ஜெகதாம்பாள் அம்மாவிடம் வாயைக் கொடுக்காதே. எது சொன்னாலும் எழுதிக் கொடுங்கள் என்று கேள்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீரராகவனும் கோவிந்தனும் யாராக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அன்னம்மாள் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அந்த அம்மா வாரம் ஒரு நாள் நம் ஆவடி பேக்டரி ஆஸ்பத்திரிக்கும் வந்து போகிறவர். இன்றைக்கு எல்லுவைப் பார்ப்பார், நாளைக்கு நம் வீட்டு விஷயம் செக்‌ஷன் முழுக்கத் தெரிந்திருக்கும். அவர் வேண்டாம். காது பார்க்க வேறு ஆளை நானே விசாரித்துச் சொல்கிறேன்.

நிற்க. காதே பார்க்காமல் விட முடியுமா என்றும் கேட்டுப் பார். குழந்தைக்குக் காதில் ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும்.

போன் விஷயம் மறுபடி எழுதாதே. இங்கே ஆபீஸில் ஒரே போன், பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். மழை பெய்தால் சமையலறை ஓட்டின் மேல் கோணி போடு.

உத்தமன்


ஆவடி
12.8.1991

மாமாவுக்கு,

படிவத்த எடுத்துகினு போனேன். வாயக் குடுக்காதன்னு சொன்ன, குடுத்துட்டேன். பெரிய டீச்சர் செவப்பு கோட்ட பாத்துட்டு, "ஏம்மா, மனசு பாக்குற டாக்டர வேணாம்னு சொல்ற அப்பா அம்மாவ நெறைய பாத்திருக்கேன். காது பாக்குறவங்கள வேணாம்னு சொன்னவர இன்னிக்குத்தான் பாக்குறேன். அவருக்கு என்ன பயம்?"னு கேட்டாங்க. எனக்கு ரோசம் வந்துட்டுது. "உன் சொந்தக்காரப் புள்ளைக்கு சீட்டு வேணும்னா நேரா கேளு, எங்க ஊட்டுக்காரர ஏன் நோண்டற?"ன்னு கத்திட்டேன். ரெண்டு கிளாஸ் புள்ளைங்க சன்னலாண்ட வந்து நின்னுதுங்க. எல்லுவும் நின்னுச்சு. அந்தம்மா கண்ணாடிய கழட்டி தொடச்சிகினு, "காது பாக்காம குழு ஒக்காராது. வேற ஆள் பேரு கொண்டு வாங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

ஊட்டுக்கு வந்து யோசிச்சேன். பெரிய டீச்சர் கேட்ட கேள்வி மண்டையில ஒக்காந்துகீது. பைத்தியம் பாக்கற டாக்டர் பரவால்லியாம். காது பாக்கற பொம்பள மட்டும் ஆவாதாம். அது இன்னா நியாயம் மாமா? ஆஸ்பத்திரியில அந்த அன்னம்மாள உனக்கு மின்னாடியே தெரியுமா? இல்ல அங்க மேடக்ல எவளாவது கீறாளா, போன்ல பின்னாடி அவ கொரல் கேட்ரும்னு பயமா?

பால்ராஜ் அண்ணாத்தே உன் கூடவே வேலைக்குச் சேந்த ஆளாச்சேன்னு அவரயும் கேட்டேன். தலைய சொறிஞ்சிகினு, "உத்தமனயே கேட்டுக்கோ தங்கச்சி"ன்னு சைக்கிள மிதிச்சிகினு போயிடுச்சு. ரெண்டு பேரும் சேந்து எத்தயோ மூடறீங்க. நான் நூம்பல்ல பொறந்து வளந்தவ, எனக்கு காது குத்தாத.

கன்னியம்மா


மேடக்
23.8.1991

கன்னியம்மாவுக்கு,

உன் கடிதம் படித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. பத்து வருடம் குடும்பம் நடத்திய பிறகு எழுதுகிற வார்த்தையா அது? இங்கே என்னோடு இருப்பது ஆறு ஆண்கள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. சந்தேகம் இருந்தால் ரயிலேறி வந்து பார்.

ஆவடிப் பக்கம் பாடியில் சின்னசாமி என்று ஒருவர் இருக்கிறார். கம்பெனிகளுக்குப் போய் வேலையாட்களுக்குக் காது மெஷின் வைத்துப் பார்ப்பவர். ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்த்து அனுப்புவார். வீண் கேள்வி கேட்கமாட்டார். அவர் பெயரை எழுதிக் கொடு. அன்னம்மாளைப் போல உட்கார்ந்து வம்ச சரித்திரம் விசாரிக்கிற ஆள் நமக்கு வேண்டாம்.

பிள்ளையார் சதுர்த்திக்கு நாலு நாள் லீவு கிடைத்திருக்கிறது. வருகிறேன். எல்லுவோடு உட்கார்ந்து, பயப்படாமல் இருக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். நீ கூட இருந்தால் அவள் கொஞ்சுவாள், அதனால் எங்களைத் தனியாக விடு.

உத்தமன்


ஆவடி
9.10.1991

மாமாவுக்கு,

சனிக்கிழமை குழு ஒக்காந்துது. உன் சின்னசாமி வந்தாரு. மேசைக்கு அந்தாண்ட மெஷினோட அவரு, இந்தாண்ட எல்லு. காதுல மாட்டி வுட்டு, சத்தம் கேட்டா கை தூக்குன்னாரு. தூக்கிச்சு. ஒண்ணு வுடல. ரெண்டு நிமிசம் ஆவல, "அருமையான காது"ன்னு எழுதிக் குடுத்துட்டு அடுத்த கம்பெனிக்கு பறந்துட்டாரு. நான் அல்பம், சந்தோசப்பட்டேன்.

அப்பால வீரராகவன் டாக்டரு. நல்ல மனுசன், ஆனா குனிஞ்சு எழுதிகினே கேள்வி கேக்கறாரு. உன் பேரு இன்னா, ஒரு வாரத்துக்கு எத்தினி நாளு, பாலு எங்கேர்ந்து வருது. எல்லு பேசாம அவரு தலையவே பாத்துகினு இருந்துச்சு. இருவது கேள்விக்கு மூணு பதிலு. கடசியா, "காதுல கொற இல்லன்னு எழுதியாச்சு. அப்பவும் இப்பிடின்னா புத்திதான் மந்தம்"னு எழுதிட்டாரு. கோவிந்தன் வாத்தியாரு மட்டும், "படம் பாத்து நல்லா அடுக்குறாளே"ன்னு முணுமுணுத்தாரு. எடுபடல. தனி இஸ்கூலுக்கு அனுப்பணும்னு, சின்னசாமி போட்டுட்டுப் போனதயும் சேத்து மூணு கையெழுத்து வுழுந்துடுச்சு.

நான் ரோட்லயே அழுதுகினு வந்தேன்.

நேத்து அடுப்பாண்ட கொழம்பு கெளறிகினு, திரும்பாமலே, "எல்லு, தட்ட எடுத்தா"ன்னேன். நாலு தடவ. கூடத்துலதான் ஒக்காந்து இருந்துச்சு, அசையல. தட்டு மூடி கை தவறி வுழுந்து டமால்னு சத்தம் வந்துது. திரும்பிச்சு. மொகத்துக்கு நேரா போயி கேட்டேன், "மெஷின்ல சத்தம் கேட்டுச்சாடி?" புள்ள சிரிக்குது. "அந்த மாமாவுக்கு பட்டன் அமுக்கும்போது தோளு ஏறுதும்மா. அப்பா சொல்லிக் குடுத்தாரு. தோளு ஏறினா கை தூக்கு, அப்பாவும் அப்டித்தான் பாஸ் பண்ணேன்னாரு. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

அப்பாவும் பாஸ் பண்ணாராம்.

மாமா, நான் பேசினா நீ என் வாயையே பாத்துகினு இருப்ப. கல்யாணம் ஆன புதுசுல எங்க அக்காகிட்ட சொல்லி வெக்கப்பட்டேன், இந்த ஆளு என்ன பாத்துகினே கீறாருடின்னு. ஆசைன்னு நெனச்சேன்யா. கரண்டு போனா பேச்ச நிறுத்திட்டு தூங்கற மாதிரி படுத்துக்குவ. அலுப்புன்னு நெனச்சேன். போனு வேணாம்னா எவளோ கீறான்னு நெனச்சேன். பத்து வருசமா நான் யாரு கூட பேசிகினு இருந்தேன்?

டபாய்க்காம பதில் போடு.

கன்னியம்மா


மேடக்
17.10.1991

கன்னி,

நாலு தாள் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. நீ நினைத்தது சரி.

எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியாது. ஆறாவது படிக்கும்போது வாத்தியார் முதுகு திருப்பினால் பாடம் நின்றுபோகும். அடி வாங்கி வாங்கி வாயைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். பல்லைக் கடித்துப் பேசுகிறவர்கள், மீசை மூடியவர்கள் என்றால் சிரித்துத் தலையாட்டிவிடுவேன். வேலைக்கு மெடிக்கல் வந்தபோது, ஹால் கோடியில் நின்று டாக்டர் மெதுவாக எண் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். பால்ராஜ் எனக்கு முன்னால் முடித்துவிட்டு டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்றான். விரலைக் காட்டினான். அந்த விரல்களால்தான் நாம் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். நாள் முழுக்க இரும்பு அடிக்கிற சுத்தி செக்‌ஷனில், அந்தச் சத்தத்துக்கு எல்லோருமே கத்திப் பேசுவார்கள். அதனால் யாருக்கும் தெரியவில்லை. பின்னாளில் நம் பேக்டரிக்குக் காது மெஷினோடு வந்த சின்னசாமிக்குப் பட்டன் அமுக்கும்போது தோள் ஏறும், அதைப் பார்த்துக் கை தூக்கித் தேறினேன்.

எல்லுவுக்கு மூன்று வயதில், நீ பேசும்போது உன் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே. நாலு வருடமாகத் தெரியும்.

அன்னம்மாள் எல்லுவைப் பார்த்தால் பெற்றவர்களையும் உட்கார வைப்பார். என்னை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். மெடிக்கலில் தப்பாகத் தேறினவன் என்று தெரிந்தால் வேலை என்னவாகும்? செவிட்டுப் பெண் என்று பெயர் விழுந்தால் அவளுக்கு நாளைக்கு எவன் வருவான்? நான் சமாளித்தேனே, அவளும் சமாளிப்பாள் என்று நினைத்தேன். படிப்பு கொஞ்சம் மட்டம் என்று எழுதி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். மந்தம் என்று எழுதுவார்கள் என்று சாமி சத்தியமாக நினைக்கவில்லை. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, கன்னி. தோளைப் பார்க்கும் வித்தையை நான் கற்க நாலு வருடம் ஆனது. அவள் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டாள்.

என்ன செய்ய வேண்டும், சொல். செய்கிறேன்.

உத்தமன்


ஆவடி
26.10.1991

மாமாவுக்கு,

உன் கடுதாசிய படிச்சு மூணு நாளு உனக்கு வாய்க்கு வந்தத திட்டிகினு இருந்தேன். அப்பால எங்க இருந்தோ உன் மேல பாவமும் வந்து தொலச்சுது. உன்ன வாத்தியாரு அடிச்சாருன்னு எழுதிகீறியே, அந்த ஆளு கெடச்சா நான் சும்மா வுட மாட்டேன். ஆனா நீ பண்ணத நான் மன்னிக்கல. நாலு வருசம் தெரிஞ்சுகினு, பெத்த புள்ளைக்கு பொய் சொல்லக் கத்துக் குடுத்து, என்ன வேற ஊட்டுக்காரி மாதிரி வெளிய நிக்க வச்ச. பால்ராஜுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதுதான் எரியுது.

பெரிய டீச்சர் கால்ல வுழாத கொறையா போயி நின்னேன். சீட்டு வேணும்னு முனியம்மா சொன்னது வெறும் பீலா. அந்தம்மாவுக்கு சொந்தத்துல புள்ளையே இல்லியாம். நான் கத்தினதுக்கு மன்னிச்சுக்கோம்மான்னேன். "ஒக்காருங்க"ன்னு சொல்லி தண்ணி குடுத்தாங்க.

விசயம் இதான். மூணு பேர் கையெழுத்து போட்ட ரிப்போர்ட்ட சும்மா கிழிக்க முடியாதாம். மொதல் காது டெஸ்டு ஏன் தப்புன்னு அப்பா தன் கையால எழுதி கையெழுத்து போட்டுத் தரணுமாம். அது பைல்ல இருக்குமாம். குழு மறுபடி ஒக்காந்தா அன்னம்மாள்தான் காது பாப்பாங்களாம், வேற ஆள் கெடையாது. ஆக, அந்தம்மாவும் உன் எழுத்த படிக்கும். பேக்டரி ஆஸ்பத்திரிக்கும் அதே அம்மாதான் போவுது. நவம்பர் பதினஞ்சுக்குள்ள வரலன்னா ஆஸ்டலுக்கு பேரு போயிடும்.

உன் வேலையா எல்லுவான்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா எல்லுதான்னு சொல்லுவ. சொல்லிட்டு, வேற வழி கீதான்னு தேடுவ. உன்ன எனக்குத் தெரியும், இப்பத்தான் தெரியும். கதை எழுதாம அந்த ஒரு தாள எழுதி அனுப்பு.

கன்னியம்மா


மேடக்
4.11.1991

கன்னிக்கு,

எழுதியாயிற்று. நான் ஏதாவது மழுப்பி இருப்பேன் என்று உனக்குச் சந்தேகம் வரும். அதனால் உறையை ஒட்டவில்லை. படித்துவிட்டு நீயே ஒட்டிக் கொடு.

"தலைமையாசிரியை அவர்களுக்கு. என் மகள் எல்லம்மா 5.10.1991 அன்று காதுப் பரிசோதனையில் கேட்டுக் கை தூக்கவில்லை. பரிசோதிப்பவர் தோளைப் பார்த்துக் கை தூக்கினாள். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனக்கும் சிறுவயது முதல் காது சரியாகக் கேட்காது. அதை மறைக்கத்தான் அன்னம்மாள் அவர்களின் பெயரை அடித்தேன். குழந்தையின் மேல் தவறு இல்லை. அவள் புத்தியிலும் தவறு இல்லை. உத்தமன், தகப்பன்."

இதே விஷயத்தை எங்கள் ஒர்க்ஸ் மேனேஜருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு யாரோ போய்ச் சொல்வதற்கு முன் நானே சொன்னதாக இருக்கட்டும். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொன்னார். அவருக்குப் பெரிய மீசை. என்ன சொன்னீர்கள், எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை கேட்டேன். "ஆவடிக்குத் திரும்பிப் போய் மெடிக்கல் போர்டு முன் நில்" என்று எழுதிக் காட்டினார். வேலை இருக்குமா என்று தெரியாது. சுத்தி செக்‌ஷன் இருக்காது.

உத்தமன்


ஆவடி
14.11.1991

மாமாவுக்கு,

உன் எழுத்த ரெண்டு தடவ படிச்சேன், எங்கியும் ஓட்ட இல்ல. ஒட்டிக் குடுத்தேன். பெரிய டீச்சர் படிச்சுட்டு, பழைய ரிப்போர்ட்டு மேல குறுக்கால ஒரு கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்து போட்டாங்க. எனக்கு அங்கியே அழுவாச்சி வந்துட்டுது, அடக்கிகினேன்.

குழு வர்ற 23, சனிக்கிழமை மறுபடி ஒக்காருது. புதுப் படிவம் குடுத்தாங்க. வீரராகவன் டாக்டர நான் அடிக்கல. ஆனா, "இவரு குனிஞ்சுகினு பேசக் கூடாது, எம் புள்ள மூஞ்சிய பாத்து பேசணும், இதையும் எழுதுங்க"ன்னேன். எழுதினாங்க. கோவிந்தன் வாத்தியாரு இருக்கட்டும், அவருக்கு கண்ணு கீது.

அன்னம்மாள் அம்மா அன்னிக்கி இஸ்கூலுக்கே வந்திருந்தாங்க. நீ பயந்துகினு இருந்த பூதம் இத்தினியூண்டு பொம்பள, காட்டன் பொடவ. உன் எழுத்த படிச்சுட்டு உன்ன திட்டும்னு பாத்தேன். "பாதி காத வச்சிக்கிட்டு ஒரு புள்ள எப்பிடி மூணாங்கிளாஸ் வரைக்கும் வந்துச்சுன்னு எங்க மூணு பேருக்கும் தெரியாது. எங்க எங்க முழிப்பா, எத பாத்துத் தப்பிப்பா, அது தெரிஞ்ச ஒரே ஆளு இவருதான். இவரையும் சேக்கணும்"னு பெரிய டீச்சர்கிட்ட சொன்னாங்க. படிவத்துல மூணு பேருக்குத்தான் எடம் கீது. நான் பேனாவ வாங்கி, கீழ நானே ஒரு கோடு போட்டு, நாலு, உத்தமன்னு எழுதினேன். பக்கத்துல தகுதின்னு ஒரு கட்டம். "அதுல என்ன போட?"ன்னு பெரிய டீச்சர் கேட்டாங்க. "காது கேக்காதவருன்னு போடுங்க"ன்னேன்.

வேலை போனா போவட்டும். பாடியில ரெண்டு கம்பெனியில பொம்பளைங்கள எடுக்கறாங்க, நான் விசாரிச்சு வச்சுகீறேன்.

வந்து சேரு. ஆனா ஒண்ணு, எல்லுவுக்கும் உனக்கும் நடுவுல நான்தான் ஒக்காருவேன். உன்ன இன்னும் முழுசா நம்பல.

கன்னியம்மா